டயருக்கு ஏற்ற கார்

இறங்கி நிழலுக்கு வந்துடுங்க சார், இது இப்போதைக்கு ஆகிற வேலை இல்லை. ஜாக்கியை எங்கே முட்டுக் கொடுக்கறதுன்னு டிரைவரும் கண்டக்டரும் இன்னும் ஒரு முடிவுக்கே வரலை. அந்தப் பின் டயரைப் பாருங்க. மேல வரி வரியாப் பட்டன்னு ஒண்ணு இருந்த அடையாளமாவது தெரியுதா? என் தலை மாதிரி வழுவழுன்னு கிடக்கு. இதுல துவரங்குறிச்சி வரைக்கும் வந்ததே பெரிசு. நீங்க மதுரைக்கா? நான் மேலூர்ல இறங்கணும். திருச்சியில பக்கத்துலயே ஒரு ஏசி பஸ் நின்னுது, ஏறியிருக்கலாம். ஆனா அந்த டிக்கெட்டுக்கும் இந்த டிக்கெட்டுக்கும் இருக்கிற வித்தியாசத்துல மேலூர்ல ரெண்டு வேளை சாப்பிடலாம். ரெண்டும் போய்ச் சேர்ற ஊர் ஒண்ணுதானே சார்?

டயர் விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும். டயர் கம்பெனியில இருந்தவன் இல்லை. வாங்கிப் பட்டவன். அதுவும் இந்த டயர் இல்லை, பனிக்கால டயர். கனடாவுல எட்மண்டன்னு ஒரு ஊர். அங்கே போய் நானும் என் சம்சாரமும் குடியேறினோம். பிள்ளைங்களா? ஒரு பொண்ணு, வேற ஊர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. நாங்க ரெண்டு பேர்தான் எட்மண்டன்ல. என் சம்சாரம் பேர் மங்கையர்க்கரசி. அங்கே இருக்கிறவங்க வாய்க்கு அது வளையாதுன்னு மங்கைன்னு சுருக்கிக்கிட்டா. நான் மதிவாணன். என் பேரை யாரும் சுருக்கலை, கூப்பிடறதுக்கு ஆபீஸ்னு ஒண்ணு வேணும் இல்லையா.

அந்த ஊர்ல காருக்கு ரெண்டு செட் டயர் சார். வெயில் காலத்துக்கு ஒண்ணு, பனிக்காலத்துக்கு ஒண்ணு. வெயில் கால டயர் குளிர்ல விறைச்சுப் போயிடும், ரோட்டைப் பிடிக்காது. பனிக்கால டயரோட ரப்பர் எவ்வளவு குளிர்லயும் இளகினபடியே இருக்கும். பக்கவாட்டுல ஒரு மலையும் அதுக்குள்ள ஒரு பனிப்பூவும் முத்திரை போட்டிருப்பான். இதெல்லாம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. வாங்கறதுக்கு முன்னால ஒரு பொருளைப் பத்திப் படிக்கணும். படிச்சு முடிக்கிற வரைக்கும் வாங்கக்கூடாது.

மங்கை இங்கே விவசாயம் படிச்சவ. அங்கே அவளுக்கு ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்துல வேலை கிடைச்சது. விவசாயிங்க அனுப்பற பார்லி, கோதுமை, கடுகு இதையெல்லாம் ஈரத்தாள்ல பரப்பி, எத்தனை முளைக்குதுன்னு எண்ணிச் சொல்லணும். நம்ம ஊர்ல முளைப்பாரி போட்டா கும்மியடிப்பாங்க, அங்கே சம்பளம் கொடுக்கிறாங்க. ஆனா கூடம் ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடம். அவளுக்கு அப்ப கார் ஓட்டத் தெரியாது, நான்தான் கொண்டுபோய் விடணும். வசந்தம் வரைக்கும் ப்ரொபேஷன். நேரத்துக்கு வரணும், எண்ணிக்கை தப்பக்கூடாது, அவ்வளவுதான். தப்பினா அவங்க திட்ட மாட்டாங்க சார். சிரிச்ச முகமா நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

அந்த ஒரு சம்பளத்துலதான் வீடு ஓடிச்சு. நானா? நான் நல்ல வேலையாப் பார்த்துக்கிட்டிருந்தேன். ரெண்டு இடத்துல கூப்பிட்டாங்க. முதல்ல வர்றதை எடுக்கக்கூடாது சார், பொறுத்தா இன்னும் நல்லது வரும்னு விட்டுட்டேன். வரும்.

ஆகஸ்ட் மாசமே அவ ஆரம்பிச்சுட்டா. "என்னங்க, பனிக்கால டயர் மாத்தணும்ங்கிறாங்க எல்லாரும். என் வேலை இதுலதான் நிக்குது."

நான் உட்கார வச்சுச் சொன்னேன். "மங்கை, உங்க வீட்டுல தீபாவளிக்கு முதல் நாளா புடவை எடுப்பாங்க? ஆடித் தள்ளுபடியில எடுத்து பீரோல வச்சுக்க மாட்டாங்களா? பனிக்கால டயரைப் பனிக்காலத்துல வாங்கறவன் கடைக்காரனுக்குத் தத்துப் போனவன். இந்த டயருக்கு ஆடி மாசம் எப்ப வருது தெரியுமா? மார்ச்சுல. பனி முடியறப்ப பாதி விலைக்குத் தள்ளிவிடுவான். அப்ப அள்ளிடலாம்."

"அதுவரைக்கும்?"

"இருக்கிற டயர்ல ஓட்டுவோம். அது ஆல் சீசன் டயர். எல்லா சீசனுக்கும்னு அவனே எழுதியிருக்கான்."

"அவன் எழுதின எல்லா சீசன்ல இந்த ஊர் சீசன் சேராதாம்ங்க. ஓக்ஸானா சொன்னா."

ஓக்ஸானான்னா அவகூட வேலை பார்க்கிற உக்ரைன்காரப் பொம்பளை. நல்லவதான். ஆனா எதுலயும் அவசரக் கருத்து.

முதல் பனி விழுந்தது. ஒரு இறக்கத்துல சிக்னல், சிவப்பு விழுந்தது, பிரேக்கை மிதிச்சேன். கார் நிக்கலை சார். நிக்கலையே தவிர, அதுக்காக அவசரமும் படலை. தேர் திரும்பற மாதிரி நிதானமா, கம்பீரமா, கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பிக்கிட்டே போய் ஒரு வீட்டுத் தோட்டத்துல ஏறி நின்னுது. நின்னப்போ முகம் நாங்க வந்த திசையைப் பார்த்து இருந்தது. எதிர்ல வண்டி எதுவும் வரலை, அது அந்த மகமாயி புண்ணியம். வீட்டுக்காரன் ஜன்னல் வழியாப் பார்த்து டீக்கோப்பையைத் தூக்கிக் காட்டினான். அங்கே அது சகஜம் போல இருக்கு.

மங்கை அன்னிக்கு வேலைக்கு லேட். மேலதிகாரி அம்மா, "முதல் பனி, புரியுது. ஆனா பனி இனி ஏப்ரல் வரைக்கும் இருக்கும்"னாளாம், சிரிச்சுக்கிட்டே. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மங்கை மறுநாளைக்கு டாக்ஸி சொல்லிட்டா. எதாவது கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். பதில் தயாரா வச்சிருந்தேன்.

சரி, வாங்கிடுவோம்னு முடிவு பண்ணேன். முடிவு பண்ணிட்டா நான் இறங்கி வேலை பார்ப்பேன் சார். விமர்சனம் அத்தனையும் படிச்சேன். அந்த ஊர்த் தமிழ் வாட்ஸாப் குழுவுல கேட்டேன். ஒருத்தர் பனியைக் குத்திப் பிடிக்க ஆணி வச்ச டயர்தான் நல்லதுன்னார், ஒருத்தர் ஆணி ஆகாதுன்னார், ரெண்டு பேரும் சண்டை போட்டுக் குழுவை விட்டே போயிட்டாங்க. அதுக்குள்ள ரெண்டு வாரம் ஓடிப் போச்சு. மங்கை டாக்ஸியில போய்க்கிட்டிருந்தா. டாக்ஸிக் காசைக் கணக்குப் பண்ணா டயரே வாங்கியிருக்கலாம்னு சொன்னா. அது வேற கணக்கு, இது வேற கணக்கு.

அப்பத்தான் கண்ணுல பட்டுது. ஒரு கிடங்குல போன வருஷச் சரக்கைத் தள்ளிவிடறான். புத்தம் புது டயர், நல்ல கம்பெனி, பனிப்பூ முத்திரை. விலையைப் பார்த்ததும் எனக்கு மார்ச் மாசமே வந்துட்ட மாதிரி இருந்தது. நம்ம கார் பதினாறு இஞ்ச் சக்கரம், இதுவும் பதினாறு. முன்னால இருக்கிற மத்த நம்பர்தான் கொஞ்சம் பெரிசு. அகலமும் உயரமும். நான் யோசிச்சேன். பிள்ளைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்கிறப்ப என்ன பண்றோம்? ஒரு சைஸ் பெரிசாத்தானே எடுக்கிறோம்? பத்தாமப் போனாத்தான் கஷ்டம், பெரிசா இருந்தா என்ன நஷ்டம்? தொளதொளன்னு தொங்கட்டும், உழைக்கும். ஆர்டர் போட்டுட்டேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு சிவப்பு எழுத்துல போட்டிருந்தான். நம்ம ஊர்ல எந்தக் கடையில சார் அது போடலை?

மெக்கானிக் ஒரு டயரை மாட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினான். கர்ர்ர்னு ஒரு சத்தம். மட்கார்டுல உராயுது. அவன் கழட்டி என் கையிலயே கொடுத்துட்டான். "கொஞ்சம் தேய்ஞ்சா சரியாப் போயிடாதா?"ன்னு கேட்டேன். "எது தேய்ஞ்சா?"ன்னான். "டயரா, காரா?"

நாலு டயரையும் ஹால்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சேன். மங்கை அது மேல ஒரு தட்டை வச்சுக் காபி டபராவை வச்சுக்கிட்டா. புது ரப்பர் வாசனை ரசத்துல கூட வந்தது. "திருப்பி எடுத்துக்க மாட்டாங்களா?"ன்னா. மாட்டாங்கன்னேன். "சரி, போனது போகட்டும். நம்ம காருக்கு ஏத்ததா ஒண்ணு வாங்கிடுங்க"ன்னா.

எப்படி சார் மனசு வரும்? அவ்வளவு நல்ல விலைக்குக் கிடைச்ச டயர். தப்பு டயர் மேல இல்லை. சைஸ் பொருந்தாதது கார்தான். அப்ப மாத்த வேண்டியது எதை?

எட்மண்டன்ல ஜெயசீலன் அண்ணன்னு யாழ்ப்பாணத்துக்காரர், பழைய கார் வாங்கி விக்கிறவர். அவர்கிட்டப் போய் டயர் நம்பரைச் சொல்லி, இதுக்குப் பொருந்தற மாதிரி வண்டி இருக்கான்னு கேட்டேன். மனுஷர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுத் திரும்ப மாட்டிக்கிட்டார்.

"தம்பி, நான் இஞ்ச வந்து முப்பது வருசமாகுது. காருக்கு டயர் தேடி வந்த சனத்தைப் பாத்திருக்கிறன். டயருக்குக் கார் தேடி வந்த ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"இருக்கா இல்லையாண்ணே?"

"ஏன் இல்லாமல்? உம்மட டயருக்கெண்டே பிறந்த வான் ஒண்டு பின்னுக்குக் கிடக்கு. எஞ்சின் தங்கம். ஒரு சின்ன விசயம், மறைக்கக் கூடாது. ஹீட்டர் டிரைவர் பக்கம் மட்டுந்தான் வேலை செய்யும்."

"நான்தானேண்ணே டிரைவர்!"

"மனிசி எந்தப் பக்கம் இருப்பா?"

"அவகிட்ட நல்ல ஸ்வெட்டர் இருக்கு."

"அப்ப பிறகென்ன"ன்னு கையைக் கொடுத்தார். நம்ம காரை அவரே எடுத்துக்கிட்டார். நல்ல மனுஷர், ரொம்ப யோசிக்கலை, உடனே எடுத்துக்கிட்டார்.

அவர் வான்னு சொன்ன அந்த வேனுக்குக் கச்சிதமாப் பொருந்திச்சு சார் அந்த டயர். முதல் நாளே எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினேன். அந்தக் குளிர்ல பழம் கோலிக்குண்டு மாதிரி இறுகியிருந்தது, நசுங்கலை, வழுக்கித் தெருவுக்கு ஓடிடுச்சு. ஆனா டயர் வழுக்கலை. உடும்புப் பிடின்னு சொல்வாங்களே, அந்தப் பிடி. அதே இறக்கம், அதே சிக்னல், தொட்டதும் நின்னுது. மங்கையைத் திரும்பிப் பார்த்தேன், ஏதாவது சொல்லுவாளான்னு. கம்பளிக்குள்ள மூக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. அவ பக்கத்துக் கண்ணாடியில உள்புறமே பனி படிஞ்சுடும். பழைய ஏடிஎம் கார்டால சுரண்டிக்கிட்டே வருவா. நான் என் பக்கம் சூடு தாங்காம ஸ்வெட்டரைக் கழட்டிடுவேன். எடுத்துக்கறியான்னு கேட்பேன், கேட்காம இருந்ததில்லை.

நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தினமும். லேட்டுங்கிற பேச்சே இல்லை. ஆனா பாருங்க, புதுசா ஒண்ணு கிளம்பிச்சு. இவ கை விறைச்சுப் போய் விதையைக் குறடால எடுக்க முடியலையாம். ஒரு விவசாயியோட கடுகுல எண்ணிக்கை தப்பிப் போச்சு. மேலதிகாரி அம்மா கூப்பிட்டு, "உனக்கு இந்த வேலை ஒத்துவருதா?"ன்னு கேட்டாளாம். சிரிச்சுக்கிட்டேதான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதா. மங்கை அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது. "டயர்ல குறை ஏதாவது சொல்ல முடியுமா?"ன்னு கேட்டேன். விரல் சரியில்லைன்னா அதுக்கு டயர் என்ன சார் பண்ணும்?

மறுநாள்லேருந்து ஓக்ஸானா வண்டியில போக ஆரம்பிச்சுட்டா. என்னை ஒரு வார்த்தை கேட்கலை. சரி, நம்ம வண்டி மேல ஒரு அவநம்பிக்கை வந்துடுச்சு, அதைப் போக்கணும்னு நான் வேனை எடுத்துக்கிட்டு அவங்க பின்னாலயே போனேன். ஓக்ஸானா எங்கே திரும்பினாலும் நானும் திரும்புவேன், அவ நின்னா நானும் பட்டுனு நிப்பேன். வழுக்காம வர்றதை மங்கை கண்ணாடியில பார்க்கட்டுமேன்னுதான். "யாரது தினமும் பின்னாலயே வர்றது?"ன்னு ஓக்ஸானா கேட்டாளாம். "என் வீட்டுக்காரரோட டயர்"னு இவ சொன்னாளாம். ரெண்டு பேரும் வேலை இடம் வர்ற வரைக்கும் சிரிச்சாங்களாம். அதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை.

அந்த ஓக்ஸானாதான் அவளுக்குக் கார் ஓட்டக் கத்துக் கொடுத்தது. நானும் கத்துத் தரேன்னுதான் சொன்னேன், வெயில் வரட்டும்னேன். பனியில எவனாவது ஓட்டக் கத்துக்குவானா? இவ கத்துக்கிட்டா. பனி கொட்டற நாள்ல டெஸ்ட் கொடுத்து லைசென்ஸ் வாங்கிட்டு வந்து நின்னா. அந்த வாரமே சின்னதா ஒரு பழைய கார். ஜெயசீலன் அண்ணன்கிட்டத்தான் வாங்கினா. அவர்கிட்டப் போய், "ரெண்டு பக்கமும் ஹீட்டர் வேலை செய்யற மாதிரி ஒண்ணு கொடுங்கண்ணே"ன்னாளாம். அது நம்ம பழைய காரேதான் சார். நாம கொடுத்ததைவிடக் கூடுதல் விலைக்கு. அதையும் பேரம் பேசலை.

அதைக்கூட விடுங்க. டயர் வாங்கினா பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் ஆறலை. ஜனவரி மாசம் சார். விலை உச்சாணிக் கொம்புல இருக்கிற மாசம். நானும் கூடப் போனேன், ஒரு துணைக்கு. கடைக்காரன் மூணு வகை டயரைக் காட்டினான். நான் போனை எடுத்து மத்த கடை விலையைப் பார்த்துக்கிட்டிருக்கேன். இவ அவன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"இதுல எது சீக்கிரம் நிக்கும்?"

அவன் ஒண்ணைத் தொட்டுக் காட்டினான். "மாட்டிடுங்க"ன்னுட்டா. "மங்கை, ஒரு நிமிஷம், அந்தப் பக்கம் இன்னொரு கடை"ன்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கார்டைத் தட்டிட்டா. டிங்குனு ஒரு சத்தம். விலையையே கேட்கலை சார்! ஒரு படிச்ச பொம்பளை, கடுகைக்கூட ஒண்ணொண்ணா எண்ணறவ, நாலு டயரை விலை கேட்காம வாங்கினா. இதை நான் யார்கிட்டச் சொல்லி ஆத்திக்க?

வசந்தத்துல அவளுக்கு வேலை நிரந்தரம் ஆச்சு. சம்பளம் கூட்டிக் கொடுத்தாங்க, எனக்குச் சந்தோஷம்தான். அதே மாசம் அதே கடையில அதே டயர் பாதி விலைக்குப் போட்டிருந்தான். நான் போய்ப் போட்டோ எடுத்து அவளுக்கு வாட்ஸாப்ல அனுப்பினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டற படம் ஒண்ணு திரும்பி வந்துச்சு. அவ்வளவுதான். வேனை ஜெயசீலன் அண்ணனே திருப்பி எடுத்துக்கிட்டார். டயர் புதுசா இருக்குன்னு விலை ஏத்தி வித்துட்டாராம். பார்த்தீங்களா, டயர் நல்ல டயர்னு அப்பவாவது ஒரு ஆளுக்குத் தெரிஞ்சுதே.

நான் இங்கே வந்தது? மேலூர் வீட்டுல குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்க, வேற ஆளை வச்சுட்டு உடனே திரும்பலாம்னு வந்தேன். கேட்டு வர்றாங்க. ஆனா வாடகை கொஞ்சம் ஏறட்டும்னு பொறுத்திருக்கேன். அதுவரைக்கும் நானே குடியிருக்கேன்.

நான் கிளம்பினது அடுத்த பனிக்காலத்துல, ஏர்போர்ட்டுக்கு மங்கைதான் கொண்டுவந்து விட்டா. அன்னிக்கு ரோடு முழுக்கக் கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடந்தது. ரெண்டு பக்கமும் வண்டிங்க பள்ளத்துல இறங்கிக் கிடக்குது. நான் எங்கேயோ பிரேக் இருக்கிற மாதிரி காலை அழுத்திக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். இவ ரோட்டைப் பார்த்து ஓட்டறா. ஒரு இடத்துல முன்னால போன லாரி திடீர்னு நின்னுது. இவ மிதிச்சா. நின்னுடுச்சு. லாரிக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு ஆள் தாராளமா நடந்து போகலாம்.

நல்லதை நல்லதுன்னு சொல்லணும் இல்லையா. "பரவாயில்லை மங்கை, டயர் நல்லாத்தான் பிடிக்குது. மார்ச்சுல வாங்கியிருந்தா பாதி விலை"ன்னேன்.

"மார்ச்சுல வாங்கியிருந்தா ஜனவரியில எதுலங்க போயிருப்பேன்?"

இதுக்குப் பதில் இருக்கு சார். ஃபிளைட்டுக்கு நேரமாயிட்டதால சொல்லலை.

இறங்கினதும் அவளே பெட்டியை எடுத்துக் கொடுத்தா. என் மப்ளரைச் சரி பண்ணிவிட்டா. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன், இன்னும் நின்னுக்கிட்டுதான் இருந்தா. கையை ஆட்டினா. முகத்தைப் பார்த்தா ஒரு பெரிய மூட்டையை எங்கேயோ இறக்கி வச்ச மாதிரி ஒரு நிம்மதி. பாவம், அந்த ரோட்டுல என்னைப் பத்திரமாக் கொண்டுவந்து சேர்க்கணுமேங்கிற கவலை இருந்திருக்கும்.

அதோ, கண்டக்டர் கையைக் காட்டறார். ஏறுவோம். போன வாரம் போன் பண்ணி, "கிளம்பி வரட்டுமா மங்கை?"ன்னு கேட்டேன். "இப்பவாங்க? டிக்கெட் விலை ரொம்ப ஏறிக் கிடக்கு. இறங்கட்டும், பொறுத்து வாங்க"ன்னா. போன வருஷமும் அதையேதான் சொன்னா. அதுக்கு நடுவுல ஒரு தடவை நிஜமாவே விலை இறங்கிச்சு, நான் பார்த்துட்டுச் சொன்னேன். "இன்னும் இறங்கும்ங்க, அவசரப்படாதீங்க"ன்னுட்டா.

நம்பவே முடியலை சார். இத்தனை வருஷம் நான் தலைபாடாச் சொன்னதெல்லாம் வீண் போகலை, கடைசியில கத்துக்கிட்டா பாருங்க.